பெட்டியில் ஜூல் கணக்கு சமமாக இருந்தால் தோட்டாவும் சமமா?

முத்தியால்பேட்டை_கவி

எல்லோருக்கும் வணக்கம். பாதி வருஷம் புதுச்சேரி, பாதி வருஷம் பிரான்ஸ் என்று ஓடுகிற குடும்பம். அங்கே வேட்டை உரிமத் தேர்வில் தேறியாகிவிட்டது. வோஜ் மலைப்பக்கத்தில் ஒரு வேட்டைச் சங்கத்தில் வரும் சீசனில் சேர்கிறேன். கேள்வி முழுக்க அந்த நாட்டு வேட்டையைப் பற்றியதுதான்.

சங்கத்துக்கு அனுமதி உள்ளவை ரோ மான் (அங்கே ஷெவ்ரய் என்பார்கள், 20 முதல் 28 கிலோ), கொஞ்சம் செம்மான் (ஆண் 150 கிலோவைத் தாண்டும்). மேடையில் உட்கார்ந்து சுட்டால் 60 முதல் 150 மீட்டர். விரட்டு வேட்டையில் 30, 40 மீட்டர்.

ரைபிள் இன்னும் வாங்கவில்லை. பார்த்து வைத்திருக்கும் மாடலில் பேரல் 51 செ.மீ. மூன்று தோட்டாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டிக் கணக்கு இது (தோட்டா என்றால் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது, குண்டு என்றால் பறந்து போகும் முனை மட்டும். கிரெய்ன் குண்டின் எடை அலகு, சுமார் 0.065 கிராம். சாஃப்ட் பாயின்ட் என்பது முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு):

.308 வின்செஸ்டர், 150 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட்: பேரல் வாயில் 860 மீ/வி. 100 மீட்டரில் சுமார் 2830 ஜூல்.
6.5 க்ரீட்மூர், 143 கிரெய்ன் ஹார்னடி கம்பெனியின் இஎல்டி-எக்ஸ் குண்டு: வாயில் 823 மீ/வி. 100 மீட்டரில் சுமார் 2780 ஜூல்.
.243 வின்செஸ்டர், 100 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட்: வாயில் 902 மீ/வி. 100 மீட்டரில் சுமார் 2160 ஜூல்.

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? அப்படியானால் உதைப்பு குறைவான 6.5 போதாதா? .243 செம்மானுக்குத் தாங்குமா? ஜூலை விட்டால் வேறு எதைப் பார்த்து எடை போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடலூர்_ஓடி

தம்பி, ஜூல் கணக்கு சட்டத்துக்கு வேண்டும். அதைத் தாண்டி மானுக்குள் என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். பிரான்சில் பெரிய விலங்குக்கு 100 மீட்டரில் குறைந்தது 1 கிலோஜூல் வேண்டும், குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீங்கள் சொன்ன மூன்றும் தாராளமாகத் தேறும். எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போனால் கதை வேறு. அங்கே ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் போதும். மற்ற குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 2000 ஜூலும் இரண்டும் வேண்டும். ஆக .243 அங்கே ஜூலில் பாஸாகி, விட்டத்தில் ஃபெயிலாகும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மான் சாவது ரத்த அழுத்தம் விழுவதால். நுரையீரலோ இதயமோ பெரிய ரத்தக் குழாயோ கிழிந்து, மூளைக்கு ரத்தம் போவது நின்றால்தான் விழும். அதற்குக் குண்டு மூன்று வேலை செய்ய வேண்டும்: உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்த பிறகும் நெஞ்சின் மறுபக்கம் வரை போக வேண்டும், போகிற வழியில் அகலமான ஓட்டை போட வேண்டும். ஒரே 2800 ஜூலை விரியாத முழு உறைக் குண்டில் கொடுத்தால் பென்சில் கனத்தில் ஒரு துளை விழும், மிச்ச ஜூல் மறுபக்கம் வெளியேறி மண்ணுக்குப் போகும். அதே 2800 ஜூலை மெல்லிய உறை போட்ட இலக்குக் குண்டில் கொடுத்தால் தோள் எலும்பில் பட்டுச் சிதறி, நுரையீரலுக்குப் போய்ச் சேராமலேயே நிற்கலாம். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மானைத் தொடும்போது குண்டின் வேகம் என்ன என்பது. ஒவ்வொரு குண்டுக்கும் வேகத்தில் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை உண்டு. சாதாரண ஈயச் சாஃப்ட் பாயின்ட் சுமார் 550 மீ/விக்குக் கீழே ஒழுங்காக விரியாது. முழுச் செம்புக் குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 600, 610 வேண்டும். இஎல்டி-எக்ஸ் நீண்ட தூரத்துக்கென்று செய்தது, 490 வரை விரியும். மேல் எல்லை செம்புக்கு அநேகமாகக் கிடையாது. சாதாரண ஈயத்துக்கு 850, 900ஐத் தாண்டிக் கிட்டத்தில் எலும்பில் பட்டால் உடையும் ஆபத்து உண்டு.

உங்கள் பேரலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்டி எண் பெரும்பாலும் 61 செ.மீ. சோதனைப் பேரலில் எடுத்தது. இந்த ரகத் தோட்டாக்களில் பேரல் 2.5 செ.மீ. குறைந்தால் வேகம் சுமார் 8 மீ/வி குறையும். உங்களுடையது 10 செ.மீ. குட்டை. ஆக 860 என்று போட்டிருப்பது உங்கள் கையில் 828 அளவுக்கு வரும்.

இதற்குப் புதிதாக அட்டவணை போட வேண்டாம், ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அந்த .308 குண்டு நீண்ட பேரலில் கிளம்பினால் 33 மீட்டர் போனதும் 828க்கு இறங்கியிருக்கும். எனவே பெட்டி அட்டவணையை 33 மீட்டர் தள்ளிப் படியுங்கள். பெட்டியில் 133 மீட்டருக்கு உள்ள எண்தான் உங்கள் ரைபிளில் 100 மீட்டர் எண். 2830 ஜூல் என்றது 2620 ஆகிவிடும். 550 மீ/வி எல்லை பெட்டிக் கணக்கில் 350 மீட்டரை ஒட்டி வருகிறது, உங்களுக்கு 320. நீங்கள் சுடப்போவது 150 மீட்டருக்குள். அதாவது கீழ் எல்லையைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியது மேல் எல்லை, விரட்டு வேட்டையில் 30 மீட்டரில் தோளில் படுகிற அடி.

இங்கேதான் உங்கள் 6.5 பெட்டி இடிக்கிறது. தோட்டாவில் குறை இல்லை, குண்டுத் தேர்வுதான் சரியில்லை. இஎல்டி-எக்ஸ் 400 யார்டுக்குள் பட்டால் போகிற வழியெல்லாம் விரிந்துகொண்டே போய், எடையில் 50, 60 சதவீதத்தைத்தான் தக்கவைக்கும். இதைச் செய்த கம்பெனியே சொல்லும் கணக்கு இது. ரோ மானுக்கு அது போதும், ஆனால் தோள் இறைச்சி வீணாகும். ஆண் செம்மானின் தோளில் 40 மீட்டரில் அதை நம்ப மாட்டேன். அதே 6.5இல் நார்மா ஓரிக்ஸ் போல ஈயத்தை உறையோடு ஒட்டிய குண்டோ, 120 கிரெய்ன் செம்போ போட்டால் அந்தக் கவலை தீரும்.

.308இலும் இதே கதைதான். 150 கிரெய்ன் சாஃப்ட் பாயின்ட் ரோ மானுக்கு அருமை. இரண்டு மானுக்கும் ஒரே பெட்டி வேண்டுமென்றால் ஒட்டிய வகையில் 165 கிரெய்ன் பக்கம் போங்கள்.

.243 செம்மானுக்குத் தாங்குமா என்று கேட்டீர்கள். சுடுபவர் நிதானமானவராக இருந்து, மான் முழுப் பக்கவாட்டில் நின்று, நுரையீரலில் பட்டால் தாங்கும். சரிவாக நிற்கும் ஆணின் தோளை உடைத்து உள்ளே போக வேண்டிய நிலை வந்தால் கைவசம் எதுவும் மிச்சமிருக்காது. விரட்டு வேட்டையில் அந்த நிலை அடிக்கடி வரும். உங்களுக்கு அது வேண்டாம்.

---

லாஸ்பேட்டை_தூரம்

ஓடி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 33 மீட்டர் கணக்கு நல்ல மதிப்பீடுதான். ஆனாலும் ரைபிள் கைக்கு வந்ததும் க்ரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்து அளந்துவிடுங்கள். ஒரே நீளப் பேரல் இரண்டுக்குள்ளேயே 15, 20 மீ/வி வித்தியாசம் சாதாரணம். ஐந்து குண்டில் சராசரி ஓரளவு கிடைக்கும். வேகச் சிதறலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பத்தாவது வேண்டும். சிதறலுக்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். 150 மீட்டரில் 10 மீ/வி கூடினாலும் குறைந்தாலும் குண்டு விழும் இடம் அரை சென்டிமீட்டர்கூட மாறாது.

குளிரைக் கவனியுங்கள். தோட்டாவில் உள்ள சில வெடிமருந்துகள் ஒரு டிகிரிக்கு அரை மீ/வி அளவுக்கு வேகம் இழக்கும். ஆகஸ்டில் 30 டிகிரியில் அளந்து, ஜனவரியில் மைனஸ் 5இல் சுட்டால் 17, 18 மீ/வி போயிருக்கும். 150 மீட்டரில் இதுவும் மானுக்குத் தெரியாது. இலக்கு மையத்தை மட்டும் சீசன் குளிரில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஸ்கோப்பை அந்த .308க்கு 100 மீட்டரில் 4 செ.மீ. மேலே படும்படி வையுங்கள். மையத்தை 170 மீட்டர் பக்கம் மறுபடி தொடும். 200இல் ஐந்து செ.மீ. அளவுக்குக் கீழே போகும். ரோ மானின் நுரையீரல் பகுதியை 12 செ.மீ. வட்டமாக எடுத்துக்கொண்டால் அதுவரை ஏற்ற இறக்கம் பார்க்காமல் நடுவில் வைத்தே சுடலாம். தோட்டா மாற்றினால், பெட்டி மாற்றினாலும்கூட, இதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று: முதல் குண்டு. மானுக்குப் போவது குளிர்ந்த பேரலில் இருந்து கிளம்பும் முதல் குண்டு. சூடான பேரலில் போட்ட அழகான கூட்டத்தை (காகிதத்தில் துளைகள் நெருக்கமாக விழுவதை) பார்த்து முடிவெடுக்காதீர்கள். பேரல் ஆறியபின் ஒன்று, மறுநாள் ஒன்று என்று ஒரே காகிதத்தில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்தக் கூட்டம் எவ்வளவு அகலமோ அதுதான் உங்கள் நிஜக் கூட்டம்.

---

முத்தியால்பேட்டை_கவி

ரொம்ப நன்றி ஓடி அண்ணா, லாஸ்பேட்டை அண்ணா. தள்ளிப் படிக்கும் வழி பெரிய உதவி. இரண்டு சந்தேகம். ஒன்று, குண்டு விரிவதை வீட்டளவில் சோதிக்க முடியுமா? தண்ணீர்க் கேனில் சுட்டுப் பார்க்கிறார்களே, அதை நம்பலாமா? இரண்டு, சங்கத்துப் பெரியவர்களில் பலர் 7×64 அல்லது .270 வைத்திருக்கிறார்களாம். .308ஐ விட அதில் என்ன விசேஷம்?

---

மஞ்சக்குப்பம்_சோதனை

இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் சின்னது. 2013 செப்டம்பர் வரை பிரான்சில் ராணுவத் தோட்டா வகைகளை, .308, .30-06 உட்பட, வேட்டைக்கு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அந்தத் தலைமுறை 7×64, .270, .280 என்று போனது. மூன்றும் நல்ல தோட்டாக்கள். உங்கள் தூரத்தில் .308ஐ விட மானுக்கு வித்தியாசம் தெரியாது.

சோதனைக்கு வருகிறேன். தண்ணீர்க் கேன் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அளக்க உதவாது. தண்ணீர் குண்டை முழு வேகத்தில் விரியவைக்கும், சதையை விடக் கொஞ்சம் கூடவே. ஒரே அளவுக் கேன்களை ஒட்டி வரிசையாக வைத்து, இரண்டு பெட்டிகளையும் ஒரே தூரத்தில் சுட்டு, எது எத்தனையாவது கேனில் நின்றது, எது எத்தனை துண்டாக உடைந்தது என்று பாருங்கள். மேல் எல்லையில் உடையும் குண்டை இது உடனே காட்டிக்கொடுக்கும். கீழ் எல்லையைச் சோதிக்க இதை நம்பவே கூடாது. மானுக்குள் விரியாத குண்டும் தண்ணீரில் விரிந்துவிடும்.

அளக்க வேண்டுமென்றால் ஜெலட்டின். செய்முறை இது. எடையில் பத்துக்கு ஒன்று: 1 கிலோ 250 ப்ளூம் (ப்ளூம் என்பது பிடிப்பின் அளவு) ஜெலட்டின் தூளுக்கு 9 கிலோ தண்ணீர். தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் இறக்கி மெதுவாகக் கரையுங்கள். 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் பிடிப்பு போய்விடும், கட்டி தளர்ந்து குண்டு இல்லாத ஆழமெல்லாம் போகும், நீங்களும் தோட்டா பிரமாதம் என்று நினைத்துக்கொள்வீர்கள். நுரையை வழித்து எடுத்து, குறைந்தது 40 செ.மீ. நீள அச்சில் ஊற்றி, 4 டிகிரியில் ஒன்றரை நாள் வையுங்கள். வெளியே எடுத்த இருபது நிமிஷத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

சுடுவதற்கு முன் கட்டியைச் சோதிக்காவிட்டால் எல்லாம் வீண். 4.5 மி.மீ. உருண்டை இரும்புக் குண்டை ஏர் கன்னில் 180 மீ/வி வேகத்தில் விடுங்கள். 8.5 செ.மீ. ஆழத்தில், ஒரு செ.மீ. முன்பின், நிற்க வேண்டும். ஒன்பதரையைத் தாண்டினால் கட்டி தளர்வு, ஏழரைக்குள் நின்றால் இறுக்கம். அந்தக் கட்டியில் எடுத்த எந்த எண்ணையும் எழுதி வைக்காதீர்கள்.

நம் ஊர்க் கடல்பாசியில் செய்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். கடல்பாசி நீண்டு கொடுக்காது, பாளம் பாளமாக வெடிக்கும். ஜெலட்டின் சதை மாதிரி இழுபட்டுத் திரும்பி வரும். குண்டு போன தற்காலிகக் குழியும் நிரந்தரக் கிழிசலும் தனித்தனியாகத் தெரிவது அதனால்தான்.

கட்டியில் பார்க்க வேண்டியவை: விரிதல் எத்தனை செ.மீ. ஆழத்தில் தொடங்கியது, கிழிசல் எங்கே அகலம், குண்டு எங்கே நின்றது. ரோ மானின் நெஞ்சு பக்கவாட்டில் ஒரு சாண் அகலம்தான். குண்டு 10 செ.மீ. போன பிறகு விரியத் தொடங்கினால் பாதி நெஞ்சு சும்மா கடந்துபோகிறது என்று அர்த்தம். கடினமான செம்புக் குண்டைக் கனமாக எடுத்து, குட்டைப் பேரலில், சின்ன மானுக்குப் பயன்படுத்துபவர்கள் "பட்டும் ஓடிவிட்டது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். செம்பு போடுவதானால் ஒரு படி எடை குறைத்து வேகத்தை வாங்குங்கள்: .308இல் 130, 6.5இல் 120, .243இல் 80 கிரெய்ன்.

நின்ற குண்டைக் கழுவி எடை போடுங்கள். 143 கிரெய்ன் குண்டு 9.27 கிராம். மீட்டது 5.6 கிராம் என்றால் 60 சதவீதம். செம்பில் 95க்கு மேல் வரும். ஒட்டிய ஈயத்தில் 80, 90. சாதாரண ஈயத்தில் 50 முதல் 70. குடை விரிந்த அகலம் பழைய விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் நன்று. இரண்டரை மடங்குக்கு விரிந்து ஆழம் போகாமல் நின்றது கேட்டலாக் படத்துக்கு அழகு, செம்மானுக்கு ஆகாது.

இதையெல்லாம் அங்கேயே, அனுமதி உள்ள சுடுதளத்தில் செய்யுங்கள். இங்கே ஆயுதச் சட்ட உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஊருக்கு வரும்போது பையின் ஓரத்தில் சுட்ட வெற்று உறை ஒன்று தங்கியிருந்தாலும் விமான நிலையத்தில் சிக்கல். கிளம்பும் முன் பை, கோட்டுப் பாக்கெட் எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள்.

---

வில்லியனூர்_180

இவ்வளவு கணக்கு எதற்கு? கனமான குண்டு எடுங்கள், .308இல் 180 கிரெய்ன். மெதுவாகப் போனாலும் ஆழமாகப் போகும். ரோ மானாவது செம்மானாவது, எல்லாம் விழும்.

---

கடலூர்_ஓடி

180க்காரர் சொல்வதில் பாதி சரி. ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளும், ஆழம் கூடும். அதற்கென்றே ஒரு எண் உண்டு: பவுண்டில் எடையை, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. .308இல் 150 கிரெய்ன் 0.226, 180 கிரெய்ன் 0.271. 6.5இல் 143 கிரெய்ன் 0.293. .243இல் 100 கிரெய்ன் 0.242. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் .243, 150 கிரெய்ன் .308ஐ விட ஆழம் போக வேண்டும். ஆனால் இது விரியாத குண்டின் கணக்கு. விரிந்த அந்த நொடியில் விட்டம் இரட்டிப்பாகி, எண் நாலில் ஒன்றாகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு எடை மிஞ்சியது, குடை எவ்வளவு அகலம் என்பதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கும். உடையாத 150 கிரெய்ன், பாதியாக உடைந்த 180ஐ விட ஆழம் போகும்.

கெட்டியான 180 கிரெய்ன் ரோ மானின் மெல்லிய விலாவில் விரிய இடமில்லாமல் கடந்து போவதும் நடக்கிறது. மான் சாகும், ஆனால் நூறு மீட்டர் ஓடிப் புதருக்குள் போய்ச் சாகும்.

உதைப்பையும் மறக்க வேண்டாம். 3.4 கிலோ ரைபிளில் .308இன் உதைப்பு சுமார் 21 ஜூல், 6.5இல் 16, 17, .243இல் 12. குண்டு எடை ஏறினால் இது இன்னும் ஏறும். உதைப்புக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடுபவருக்கு எந்தப் பெட்டியும் உதவாது. கவிக்கு 6.5 தோளுக்கு இதமாக இருந்தால் குண்டை மட்டும் மாற்றிக்கொண்டு தாராளமாக 6.5 வாங்கலாம். செம்மானுக்கும் அது போதும்.

---

திருப்பாப்புலியூர்_தடம்

சுடும் முன் கணக்கு நிறையச் சொல்லிவிட்டார்கள். தோட்டா வேலை செய்ததா என்பதைச் சுட்ட பிறகு எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பலர் இதில்தான் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

"நின்ற இடத்திலேயே விழுந்தது, பிரமாதமான தோட்டா" என்பார்கள். அது அத்தாட்சி ஆகாது. குண்டு முதுகெலும்பின் மேல் முள்ளில் உரசினாலும் மான் கட்டையாய்ச் சாயும். ஒரு நிமிஷத்தில் எழுந்து ஓடியும்விடும். உடனே விழுந்த மானைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றி, ஸ்கோப்பில் கண் வைத்தபடி காத்திருங்கள். இன்னொரு பக்கம், இரண்டு நுரையீரலும் கிழிந்த மான் 50, 80 மீட்டர் ஓடுவது இயல்பு. ஓடியதை வைத்துத் தோட்டாவைக் குறை சொல்லக் கூடாது.

மான் நின்ற இடத்தை மேடையில் இருந்தே ஒரு மரத்தோடு சேர்த்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிப் போனதும் அந்த இடம் வேறு மாதிரி தெரியும். கால் மணி முதல் அரை மணி நேரம் பொறுத்துப் போய், அங்கே ஒரு துணியைக் கட்டிவிட்டுப் பிறகு தரையைப் படியுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். மான் பக்கத்தில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பு, நுரையில்லாதது கல்லீரலாக இருக்கலாம். குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பச்சைத் துணுக்கு, புளித்த வாடை என்றால் குடல். ஒரு அடி முன்னே வைக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, ரத்தத் தடம் தேடும் நாய்க்காரரைக் கூப்பிடுங்கள். பிரான்சில் இதற்கென்றே யூஎன்யூசிஆர் என்ற அமைப்பு இருக்கிறது, பயிற்சி பெற்ற நாயோடு வருவார்கள். நீங்கள் மிதித்துக் குழப்பிய தடத்தில் நாய்க்கும் வேலை இரட்டிப்பாகும். நீளமான எலும்புச் சில்லு, ரத்தம் குறைவு என்றால் கால், அதற்கும் நாய்தான்.

மானை உரிக்கும்போதுதான் தோட்டாவுக்கு மார்க் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தூரம், மான் நின்ற கோணம், உள்ளே போன இடம், எலும்பு பட்டதா, வெளியேறிய ஓட்டை எவ்வளவு அகலம், நுரையீரலில் கிழிசல் எவ்வளவு, ரத்தம் கட்டி வீணான இறைச்சி எத்தனை விரல் அகலம், எவ்வளவு தூரம் ஓடியது. வெளியேறும் ஓட்டையே இல்லை, தோள் முழுக்க ரத்தக்கட்டு, நுரையீரலில் சின்னச் சின்னத் துளைகள் என்றால் குண்டு சீக்கிரம் உடைந்திருக்கிறது. கெட்டியான குண்டுக்கு மாறுங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே அளவு, நுரையீரலில் ஒரே நேர்த்துளை என்றால் விரியவில்லை. மென்மையானதுக்கோ வேகமானதுக்கோ மாறுங்கள். கட்டைவிரல் நுழையும் வெளி ஓட்டை, இரண்டு நுரையீரலும் கூழ், தோள் இறைச்சி சுத்தம் என்றால் அந்தப் பெட்டியை விடாதீர்கள். ஒரே ஒரு மானை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். குண்டு ஒழுங்காக வேலை செய்தும் அடி இரண்டு விரல் தள்ளிப் பட்டிருக்கலாம்.

வெளியேறுகிற குண்டுதான் நமக்கு வேண்டும், ரத்தத் தடம் அதிலிருந்துதான் விழுகிறது. அதனால் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல் சுடவே கூடாது. மேடை உயரத்தில் இருப்பதே குண்டு தரையில் போய்ப் புதைய வேண்டும் என்பதற்காகத்தான். விரட்டு வேட்டையில் பக்கத்து ஆள் பக்கம் 30 டிகிரிக் கோணம் விட வேண்டும் என்ற விதி, சங்கத்தில் கால் வைத்த முதல் நாளே சொல்வார்கள்.

---

முத்தியால்பேட்டை_கவி

தடம் ஐயா, இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். 6.5 என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இறைச்சி சாப்பிடுவார்கள் என்பதால் 120 கிரெய்ன் செம்பு எடுக்கலாம் என்று பார்க்கிறேன். பேரல் முறுக்கு 1:8 (8 அங்குலத்துக்கு ஒரு சுற்று). வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

---

மஞ்சக்குப்பம்_சோதனை

பிள்ளைகளுக்காகச் செம்பு என்பது சரியான காரணம். ஈயக் குண்டின் நுண்துகள் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளியும் இறைச்சியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ், ஈயத்தால் சுட்ட காட்டு இறைச்சியைக் குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

முறுக்கு 1:8 என்பது தாராளம். செம்பு ஈயத்தை விட லேசு என்பதால் அதே எடையில் குண்டு நீளமாக இருக்கும், வேகமான முறுக்கு கேட்கும். 1:10 முறுக்கு .243இல் நீளமான செம்புக் குண்டு போட்டுக் கூட்டம் சிதறுகிறது என்று புலம்புபவர்களுக்கு இதுதான் காரணம்.

கடையில் ரைபிளைச் சோதிக்கவும் மையம் பார்க்கவும் ஈயக் குண்டு சுட்டிருந்தால், செம்புக்கு மாறும் முன் பேரலைச் செம்பு கரைக்கும் திரவத்தால் சுத்தமாகத் துடையுங்கள் (ஈயக் குண்டின் உறையும் செம்புக் கலவைதான்). துணியில் நீல நிறம் வருவது நின்றதும், எண்ணெய் எச்சம் இல்லாமல் உலர்த்தி, நாலைந்து குண்டு சுட்டு, அதற்கப்புறம் கூட்டம் பாருங்கள். ஒரு பேரலில் ஈயம், செம்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் மையம் அலையும். பெட்டி வாங்கும்போது ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மூன்று நான்காக வாங்கி, ஒன்றை மையத்துக்கும் க்ரோனோகிராஃபுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை சீசனுக்கு வையுங்கள். லாட் மாறினால் மூன்று குண்டு காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே காட்டுக்கு எடுத்துப் போங்கள்.